ஐஓஎரர் எங்கே போனது? பைத்தான் 3-க்கு மாறிய அனுபவம்

பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றது. எங்கள் லைப்ரரியை 3-க்கு மாற்ற நான் உட்கார்ந்தது அதற்கும் அப்புறம்தான். யூனிகோடு படுத்தும் என்று தயாராக இருந்தேன், படுத்தத்தான் செய்தது. ஆனால் டெஸ்ட்களில் நாள்கணக்கில் சிவப்பு மாறாமல் இருந்ததற்குக் காரணம் எக்செப்ஷன்கள், அதாவது நிரல் ஓடும்போது ஏதாவது தவறினால் எழும் பிழைகள்.

பைத்தான் 2-இல் ஃபைலைத் திறக்கும்போது தவறினால் ஐஓஎரர், ஃபைலை நீக்கும்போது தவறினால் ஓஎஸ்எரர். இரண்டும் தனித்தனி. நாங்கள் முதலாவதற்கு மூன்று முறை மறுமுயற்சி செய்வோம், இரண்டாவது வந்தால் உடனே நிறுத்திவிடுவோம். 2012-இல் வந்த 3.3 பதிப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது; இப்போது ஐஓஎரர் என்பது ஓஎஸ்எரருக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். அதனால் பிழையைப் பிடிக்கும் எக்செப்ட் பகுதிகளில் முதலாவதே எல்லாவற்றையும் பிடித்துவிட, எங்கள் இரண்டாவது எக்செப்ட் பகுதி ஒருபோதும் ஓடாத செத்த நிரலாகிவிட்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. இல்லாத ஃபைலை நீக்கிப் பார்க்கும் டெஸ்டில் மறுமுயற்சி 0-க்குப் பதில் 3 என்று வந்தபோதுதான் பிடிபட்டது. ஆனால் அதே பதிப்பு தந்த ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர், பெர்மிஷன்எரர் போன்றவை வந்தபின் பிழை எண்ணை இஃப் போட்டுச் சோதிக்கும் வரிகளை எல்லாம் அழித்தேன். அந்த ஒன்றுக்காகவே மாறியது வீண்போகவில்லை.

எங்கள் சொந்த எக்செப்ஷன்களையும் அப்போதே திருத்தினேன். மாட்யூலுக்கு ஒன்று என்று இருபதுக்கும் மேல் வைத்திருந்தோம். யாரும் அவற்றைத் தனித்தனியாகப் பிடிக்கவே இல்லை. அழைப்பவர் வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டிய இடத்துக்கு மட்டும் தனிக் கிளாஸ் என்று வைத்ததும் ஐந்தாகச் சுருங்கியது. ஒரு செட்டிங் காணவில்லை என்று சொல்லும் கிளாஸுக்கு மட்டும் இரண்டு பெற்றோர்: எங்கள் எக்செப்ஷன்களுக்கெல்லாம் அடிப்படையான பேஸ் கிளாஸ், கூடவே கேட்ட கீ இல்லை என்று பைத்தானே எழுப்பும் கீஎரர். பழைய பயனர்கள் கீஎரரைப் பிடித்து எழுதியிருந்தார்களே, அவர்களுக்காக.

அங்கேதான் அடுத்த அடி. எதிர்பார்த்த செய்தியும் வந்த செய்தியும் ஒன்றுபோலவே தெரிகின்றன, டெஸ்ட் மட்டும் தோற்கிறது. அரைமணி நேரம் முறைத்தபின் கண்ணில் பட்டது, வந்ததன் இருபக்கமும் ஒற்றை மேற்கோள்குறி. முன்பு செய்தியை மெசேஜ் என்ற பண்பிலிருந்து எடுத்தோம். 3-இல் அது இல்லை என்பதால், எதையும் ஸ்ட்ரிங்காக மாற்றித் தரும் ஸ்ட்ர் போட்டிருந்தேன். கீஎரரை ஸ்ட்ர் செய்தால் ரெப்ர் வடிவம்தான், அதாவது மேற்கோள்குறியோடுதான் வரும். வெற்று ஸ்ட்ரிங் ஒரு கீயாக இருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா, அதற்காக அப்படி. நியாயம்தான், எனக்குத்தான் அரைமணி நேரம் போச்சு. பேஸ் கிளாஸில் சொந்தமாக ஒரு ஸ்ட்ர் மெத்தடை எழுதினேன். பெற்றோர் வரிசையில் அது முன்னால் இருப்பதால் சரியாகிவிட்டது.

3-இல் எக்செப்ட் பகுதி முடிந்ததும் அதில் பிழையைப் பிடித்து வைத்த மாறி அழிந்துவிடும் என்பதால் ஏழெட்டு டெஸ்ட்கள் விழுந்தன. ஐந்து நிமிட வேலை.

இன்று தினமும் உதவுவது, ஒரு பிழையைக் காரணமாகக் காட்டி இன்னொன்றை எழுப்பும் ரெய்ஸ் ஃப்ரம். எங்கள் பிழைக்கு அடியில் எந்தப் பிழை இருந்தது என்பது பிழை வந்த வழியைக் காட்டும் டிரேஸ்பேக்கிலேயே முழுசாக வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடிக்கும் எக்செப்ட் ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. பைட்ஸையும் ஸ்ட்ரிங்கையும் கூட்டியதால் வந்த டைப்எரரை அது ஒரு மாதம் விழுங்கிக்கொண்டிருந்தது, டெஸ்டும் பச்சையாகவே இருந்தது. இப்போதைக்கு அங்கே லாக் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன்.