கிம்ப்பில் பின்னணி நீக்கம்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பின்னணியை நீக்குவது பெரிய வேலை இல்லை. ஓரம் உறுத்தாமல் நீக்குவதுதான் வேலை. 2.8 பதிப்பில் தொடங்கி, 2018-ல் வந்த 2.10-ஐ நெடுநாள் ஓட்டி, இப்போது 2025-ல் வெளியான 3.0 வரை, படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில்தான் (GIMP) இதைச் செய்துவருகிறேன். இலவசம் என்பதால் தொட்டேன். விடாமல் இருப்பதற்குக் காரணம், ஓரத்தின் மேல் அது தரும் பிடி.

புதிதாக வருகிறவர்கள் முதலில் எடுப்பது ஃபஸி செலக்ட், அதாவது க்ளிக் செய்த இடத்தை ஒட்டி அதே போன்ற நிறமுள்ள பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கருவி. சுவர் ஒரே நிறமாக இருந்தால் ஒரு க்ளிக்கில் காரியம் முடியும். எவ்வளவு வேறுபட்ட நிறம் வரை சேர்த்துப் பிடிக்கலாம் என்ற அளவு த்ரெஷோல்ட்; அது வழக்கமாக 15-ல் நிற்கும். க்ளிக் செய்த விரலை எடுக்காமல் மவுஸை இழுத்தாலே அது கூடும், குறையும். ஆனால் சுவரில் நிழல் விழுந்திருந்தால் இதை நம்ப வேண்டாம். நிழலையும் சேர்த்துப் பிடிக்க அளவைக் கூட்டினால் வெள்ளைச் சட்டையின் காலர் வரை புகுந்துவிடும்.

போன், புத்தகம், நாற்காலி என்று விளிம்பு தெளிவாக உள்ள பொருள்களுக்கு கோடு வரைந்து வெட்டும் பாத்ஸ் டூலைத் தவிர நான் வேறெதையும் எடுப்பதில்லை. புள்ளி புள்ளியாக வைத்து, வளைவு வரும் இடத்தில் இழுத்து, சுற்றி முடித்து என்டர் தட்டினால் செலக்ஷன் (தேர்ந்தெடுத்த பகுதி) தயார். முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோடு கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் (XCF) கோப்பிலேயே தங்கிவிடும். எப்போது வேண்டுமானாலும் திறந்து ஒரு புள்ளியை மட்டும் நகர்த்தலாம். கோட்டைச் சரியாக விளிம்பின் மேலேயே ஓட்டாமல் ஒரு பிக்சல் உள்ளே தள்ளி ஓட்டுங்கள். விளிம்புப் பிக்சல்களில் பொருளின் நிறமும் பழைய பின்னணியின் நிறமும் கலந்தே இருக்கும். வெட்டிய படத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிவது அதனால்தான்.

முடி வேறு கதை. ஃபோர்கிரவுண்ட் செலக்ட் இதற்கென்றே இருக்கிறது: ஆளைச் சுற்றித் தோராயமாக ஒரு வட்டம், உள்ளே பிரஷ்ஷால் சில கீறல்கள், மிச்சத்தை அது கணக்குப் போட்டுக்கொள்ளும். 2.10-ல் மேட்டிங் முறை (ஓரத்துப் பிக்சல் ஒவ்வொன்றும் எவ்வளவு ஊடுருவ வேண்டும் என்று கணிப்பது) வந்த பிறகு முடிவு எவ்வளவோ மேல். பெரிய படம் என்றால் யோசித்துக்கொண்டே இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கறுப்பு முடிக்குப் பின்னால் இலைதழை இருந்தால் எந்தக் கருவியும் கைகொடுக்காது. அங்கே பறக்கும் முடியை விட்டுவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் சில இழைகளை நானே வரைந்துவிடுகிறேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

எந்த வழியில் செலக்ட் செய்தாலும் டெலீட் அழுத்துவதில்லை, லேயர் மாஸ்க் போடுகிறேன்; அது படத்தின் அடுக்கில் (லேயர்) எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் திரை. மாஸ்க்கில் வெள்ளை பூசினால் படம் தெரியும், கறுப்பு பூசினால் மறையும், சாம்பல் என்றால் பாதி. எக்ஸ் விசையில் கறுப்பு வெள்ளையை மாற்றிக்கொண்டே ஓரத்தைத் திருத்தலாம். மூலப்படம் அப்படியே இருக்கும். வெள்ளைக்கோடு இன்னும் தெரிகிறதா? மாஸ்க்கைத் தேர்ந்துகொண்டு கறுப்பு, வெள்ளை அளவுகளை மாற்றும் லெவல்ஸைத் திறந்து கறுப்பு முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். ஓரம் முழுவதும் ஒரே சீராகச் சுருங்கும். எனக்கு அதிகம் பயன்பட்ட வித்தை இதுதான். சோதிப்பதற்கு, கீழே அடர்சிவப்பில் ஒரு லேயர், பிறகு அதே இடத்தில் வெள்ளை. படம் இல்லாத இடத்தைக் காட்ட கிம்ப் போடும் சாம்பல் கட்டங்களின் மேல் பார்த்தால் பாதிக் குறை தெரியாது.

(அந்தக் கட்டங்களையே படத்தின் பகுதியாக வைத்துப் பின்னணி இல்லாத பிஎன்ஜி என்று இணையத்தில் உலவவிடுகிறவர்களுக்கு என்ன தண்டனை கொடுப்பது?)

வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து, கோட்டோவியம் போன்றவற்றுக்குக் கலர் டு ஆல்ஃபா (ஒரு நிறத்தை ஊடுருவும் வெற்றிடமாக்கும் வசதி) மாதிரி இன்னொன்று இல்லை. வெள்ளையை மட்டும் உறிஞ்சி எடுத்து, மையின் மெல்லிய விளிம்பைப் பாதி ஊடுருவும்படி விட்டுவிடும். முகம் உள்ள படத்தில் மட்டும் வேண்டாம், கண்ணும் பல்லும் ஓட்டையாகும்.

குறையும் சொல்ல வேண்டும். போட்டோஷாப்பில் 2018-லேயே ஆளைத் தானாகப் பிடிக்கும் வசதி வந்துவிட்டது. கிம்ப் 3.0-ல் கூட ஒரே அழுத்தில் பின்னணி நீக்கும் பொத்தான் கூடவே வருவதில்லை. தனியாகச் சேர்க்கும் ப்ளக்-இன் (துணை நிரல்) தேட வேண்டும். நூறு படத்தை ஒரே மாதிரி வெட்ட வேண்டியவர்கள் தானியங்கிக் கருவிக்கே போகலாம், நேரம் மிச்சம். ஆனால் அவை காபிக் கோப்பையின் கைப்பிடிக்குள் இருக்கும் இடைவெளியை அடைத்துவிடும், சைக்கிள் கம்பிகளை விழுங்கிவிடும், கண்ணாடி டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் திணறும். அப்படி வெட்டி வந்த படத்தை மாஸ்க்காக ஏற்றிக் கையால் திருத்துவது இப்போது என் பாதி வேலை. அடையாள அட்டை, குழந்தைகள் படம் என்றால் எந்தத் தளத்திலும் ஏற்றுவதில்லை, முழுக்கக் கணினியிலேயே.

3.0-ல் எனக்குப் பிடித்தது, ஃபில்டர்களைப் போட்ட பிறகும் மாற்ற முடிவது. வெட்டிய பொருள் அந்தரத்தில் மிதக்காமல் இருக்கக் கீழே ட்ராப் ஷேடோ போடுவேன். முன்பெல்லாம் பின்னணி மாறினால் நிழலை அழித்துப் புதிதாகப் போட வேண்டும், இப்போது எண்ணை மாற்றினால் போதும். முடித்ததும் சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் மட்டும்தான் கிடைக்கும். வெளியே அனுப்ப எக்ஸ்போர்ட்டில் பிஎன்ஜி அல்லது வெப்பி (WebP); ஜேபெக் கொடுத்தால் நீக்கிய இடமெல்லாம் மறுபடி ஒரு நிறத்தால் நிரம்பிவிடும்.