சிலாஜித் வாங்கும் முன் அந்த ஆய்வக அறிக்கையைத் திறந்து படியுங்கள்

"இழந்த சக்தியை மீட்டுத் தரும் இமயமலைப் பிசின்" என்று போனைத் திறந்தாலே ஒரு கறுப்பு ஜாடி வந்து நிற்கிறதே, அதை ஆர்டர் செய்ய நினைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு மொத்தம் ஏழாயிரத்துச் சொச்சம் போனது. பணத்தைவிட, அவர்கள் விற்கும் விதம்தான் எழுத வைக்கிறது.

டெங்கு வந்து போனபின் எனக்கு உடம்பு தேறவே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீசில் கண் சொக்கும். ஐம்பதை நெருங்கும் வயது, சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். சிலாஜித் பற்றிக் கேள்விப்பட்டது அப்போதுதான் என்றில்லை. கோடையில் மலைப்பாறை இடுக்குகளில் கசியும் அந்தக் கறுப்புப் பொருளைச் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையே 'ரசாயனம்', அதாவது உடம்பைத் தேற்றும் மருந்தாகச் சொல்கிறது. அதைத் தண்ணீரிலோ திரிபலா கஷாயத்திலோ கரைத்து, வடிகட்டி, வற்றவைத்துச் சுத்தி செய்த பிறகே கொடுக்க வேண்டும் என்பதும் மரபுதான். அதனால் பெரிய சந்தேகம் எதுவும் வரவில்லை. இருபது கிராம் ஜாடி 4,999 ரூபாய் என்று போட்டு, அதை அடித்து 1,799 என்று எழுதியிருந்தார்கள். கேஷ் ஆன் டெலிவரி. முகவரியைக் கொடுத்தேன்.

பார்சல் வருவதற்கு முன்பே போன் வந்துவிட்டது. "சார், ஆயுர்வேத டாக்டர் பேசுறேன்." பெயர் கேட்டால் நிறுவனத்தின் பெயரைச் சொல்கிறார், பதிவு எண் கேட்டால் "வாட்ஸ்அப்ல அனுப்புறேன் சார்" என்கிறார். அது கடைசிவரை வரவில்லை. வயது என்ன, கல்யாணமாகி எத்தனை வருடம் என்று கேட்டுவிட்டு நேராகப் படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டார். நான் சொன்னது காய்ச்சலுக்குப் பிறகான அசதி. அவர் பேசியது முழுக்க ஆண்மை. "நரம்பு தளர்ந்துடுச்சு சார், பிசின் மட்டும் பத்தாது, கூட ஸ்வர்ண பஸ்மம் கோர்ஸ் எடுத்தாத்தான் வேலை செய்யும்" என்று, அதாவது தங்கத்தைப் புடம்போட்ட பொடி, அறுபது கேப்சூலுக்கு 5,400 ரூபாய் சொன்னார். சர்க்கரை மாத்திரை எடுக்கிறேன் என்றதும் வந்த பதில்தான் மோசம். "அந்த இங்கிலீஷ் மருந்தை ரெண்டு மாசம் நிறுத்தி வைங்க சார், அதுதான் சக்தியை உறிஞ்சுது." என்ன எண் சர்க்கரை, கிட்னி எப்படி, இதயத்துக்கு ஏதாவது மாத்திரை உண்டா, ஒன்றுகூடக் கேட்கவில்லை.

மாத்திரையை நிறுத்தவில்லை. கேப்சூலுக்கு மட்டும் ஜிபேயில் பணம் அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் வந்தது நிறுவனத்தின் பெயரல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். "அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சார் அவர்" என்றார்கள்.

இனி பார்சல். ஜாடிக்குள் இருந்தது தார் மாதிரி கறுப்பாக, வெல்லப்பாகு வாசனையோடு இருந்தது. வெந்நீரில் போட்டால் பழுப்பாகக் கரைந்தது. கரைந்தால் அசல், நெருப்பில் காட்டினால் புகையாமல் பொங்கினால் அசல் என்று வீடியோக்கள் சொல்கின்றன. உலோக, தாது மருந்துகளைச் சொல்லும் பழைய ரச நூல்களிலும் இப்படிப்பட்ட சோதனைகள் உண்டு. ஆனால் உள்ளே ஈயம் இருக்கிறதா, ஆர்சனிக் இருக்கிறதா என்பதை வெந்நீர் சொல்லாது. பாறையிலிருந்து வருகிற பொருள், பாறையில் இருப்பதெல்லாம் கூடவே வரும்.

அட்டைப்பெட்டியை நிதானமாகப் படித்தேன். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆயுர்வேத மருந்து என்றால் தயாரித்தவரின் பெயர், முகவரி, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். இதில் தயாரித்தவர் யார் என்றே இல்லை, 'மார்க்கெட்டட் பை' என்று விற்பவரின் பெயர் மட்டும். உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு இலக்க எண் ஒன்று. அது மருந்து உரிமம் இல்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உணவு உரிமம். அதாவது போனில் மருந்து, காகிதத்தில் உணவு. நோய் தீரும் என்று வாயால் விற்றுவிட்டு, கேள்வி வந்தால் "இது சத்துணவுதானே சார்" என்று நழுவ வசதி.

அடுத்து பெட்டியில் இருந்த க்யூஆர் கோடு. "லேப் டெஸ்டட்" என்று தங்க நிறத்தில் அச்சடித்து, பக்கத்தில் கோடு. ஸ்கேன் செய்தால் ஒரு பிடிஎஃப் திறக்கிறது, லோகோ, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இதோடு மூடிவிடுவார்கள். நான் கணக்கு எழுதுகிற ஆள், வவுச்சரில் தேதி பார்க்காமல் கை நகராது. அறிக்கையின் தேதி, ஜாடி தயாரித்ததாகச் சொல்லும் தேதிக்கு ஏழு மாதம் முந்தையது. பேட்ச் எண் கட்டத்தில் 'இல்லை' என்று ஒரு கோடு. கீழே சின்ன எழுத்தில், மாதிரியை வாடிக்கையாளரே கொண்டுவந்து கொடுத்தார், முடிவு அந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. ஆய்வகம் பொய் சொல்லவில்லை. யாரோ ஒரு நல்ல சரக்கைக் கொடுத்து ஒருமுறை வாங்கிய சான்றிதழை எல்லா ஜாடிக்கும் ஒட்டிக்கொண்டே போகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த அறிக்கையில் கன உலோகங்கள் என்ற வரிக்கு நேரே 'வரம்புக்கு உட்பட்டது' என்று மட்டும் போட்டிருந்தது, எண் எதுவும் இல்லை. மூலிகைச் சரக்குகளுக்கு இந்திய ஆயுர்வேத மருந்து நூல் வைத்திருக்கும் உச்சவரம்பு ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. அளந்து பார்த்தவர்கள் அளவை எழுதுவார்கள். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2008ல் அமெரிக்க மருத்துவர்கள் இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

கேப்சூல் கதை தனி. ஒவ்வொன்றிலும் 15 மில்லிகிராம் ஸ்வர்ண பஸ்மம் என்று டப்பாவில் இருக்கிறது. அறுபதுக்குப் பெருக்கினால் 900 மில்லிகிராம், கிட்டத்தட்ட ஒரு கிராம். கிராம் தங்கம் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்கும்போது, அதைப் பஸ்மமாக்கி, கேப்சூலில் அடைத்து, கூரியரும் போட்டு 5,400க்கு எப்படித் தருவார்கள்? நகைக்கடை வாசல்படி மிதித்த யாருக்கும் இந்தக் கணக்கு விளங்கும். சேர்மானத்தில் ரசசிந்தூரமும் இருந்தது. அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பாதரசம் சேர்ந்த மருந்தில் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை வரி லேபிளில் இருந்தே ஆக வேண்டும். டப்பாவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், குதிரைப் படம்தான் இருந்தது.

சில ராத்திரிகள் சாப்பிட்டும் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் முகம் சூடாகிச் சிவந்தது, மூக்கு அடைத்துக்கொண்டது, தலை கனத்து வலித்தது. "மருந்து வேலை செய்யுது சார், நல்ல அறிகுறி" என்றார் போன் டாக்டர். என் சர்க்கரை டாக்டரிடம் டப்பாவைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" இல்லை என்றேன். "தங்கம் இப்படி மூக்கை அடைக்காதே" என்று சிரித்தார். சக்தி மருந்து என்ற பெயரில் விற்பவற்றில் சில்டெனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கும் மருந்து, கலந்து பிடிபடுவது உலகம் முழுக்க நடக்கிறதாம். அதுவும் நைட்ரேட்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடும். என் கேப்சூலில் அது இருந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், பரிசோதனை செய்யவில்லை. ஆனால் இதயத்துக்கு மாத்திரை எடுக்கும் ஒரு பெரியவர் இதே டப்பாவை வாங்கியிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அசதிக்கு அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுத்தால் பி12 குறைவது உண்டாம். ஊசி போட்டார், இப்போது படி ஏற முடிகிறது.

சரி, பணத்தைத் திருப்பிக் கேட்ட கதைக்கு வருகிறேன். முதலில் இழுத்தடித்தார்கள். அப்புறம் குரல் மாறியது. "வீட்டுக்கு போன் பண்ணி மேடம்கிட்ட உங்க பிரச்சனையைச் சொல்லட்டுமா சார்?" இந்த வியாபாரமே இந்த ஒரு வரியை நம்பித்தான் ஓடுகிறது. முதல் போனிலேயே அசதியை ஆண்மைக் கோளாறாக மாற்றியது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. ஏமாந்தவன் வெளியே சொல்லக் கூச்சப்படுவான், நுகர்வோர் ஆணையத்தில் எழுதிக் கொடுக்கத் தயங்குவான். என் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, "போனைக் குடுங்க" என்று வாங்கி, "நான்தான் அந்த மேடம், சொல்லுங்க தம்பி, என்ன பிரச்சனை?" என்றாள். லைன் கட்டாகிவிட்டது.

மறுநாள் வேறு எண்ணிலிருந்து வேறு ஆள். ரீஃபண்டு பாஸ் ஆகிவிட்டது, ஆனால் 18 சதவீதம் ஜிஎஸ்டி முன்னால் கட்டினால்தான் தொகை விடுவிக்கப்படுமாம். நம் பணத்தை நாம் திரும்ப வாங்க யாரும் வரி கேட்பதில்லை. இதற்கு விழுந்தால் இரண்டாவது முறை போகும்.

1930 என்ற உதவி எண்ணில் சைபர் குற்றப் புகார் பதிந்தேன், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் கொடுத்தேன். ஜிபே ரசீது, பேச்சுப் பதிவு, பெட்டியின் ஆறு பக்கப் படம் எல்லாம் இணைத்தேன். சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதித் துறைக்கும் ஒரு பதிவுத் தபால் போட்டேன். ஆண்மையைக் கூட்டும் என்று மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடத்துச் சட்டம் தடை செய்கிறது, அந்த விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் உள்ளே வைத்தேன். ஜாடியின் 1,799 மட்டும் இதுவரை திரும்பி வந்திருக்கிறது. கேப்சூல் பணம் போன அந்தத் தனி ஆளின் கணக்கு விசாரணையில் இருக்கிறது என்கிறார்கள்.

ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், உங்கள் மருத்துவரிடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். சிலாஜித்தே வேண்டும் என்றால் பதிவு பெற்ற ஆயுர்வேத மருத்துவரை நேரில் பாருங்கள், மருந்து உரிம எண் உள்ள சரக்கை அவர் எழுதித் தரட்டும்.

நிறுவனத்தின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதிப் பயன் இல்லை. போன வாரம் அதே ஜாடி, அதே குதிரை, வேறு பெயரில் என் போனில் வந்தது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்தேன். லோகோ மட்டும் மாறியிருக்கிறது, ஆய்வக அறிக்கையின் எண் அப்படியே இருக்கிறது. புகாரோடு அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.