650 வாட் பவர் சப்ளை: சிஎக்ஸ், கோர் ஜிஎம், ஃபோக்கஸ் ஜிஎக்ஸ் - நம்ம வீட்டுக் கரண்டுக்கு எது?

சுங்கை சிப்புட் பக்கம் யார் புதிதாக கம்ப்யூட்டர் கட்டினாலும் கடைசியில் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான். "அண்ணே, மூன்றுமே 650 வாட்தானே, விலை மட்டும் ஏன் இப்படி ஏறுகிறது?" சுவர்க் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிற பெட்டிதான் பவர் சப்ளை. அந்த மூன்று: கோர்சேர் சிஎக்ஸ்650, சீசோனிக் கோர் ஜிஎம்-650, சீசோனிக் ஃபோக்கஸ் ஜிஎக்ஸ்-650. நல்ல கேள்வி, ஏனென்றால் மூன்றுமே நம்பி வாங்கக்கூடிய சாமான். பெயர் தெரியாத தகரப்பெட்டி பவர் சப்ளையை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

முதலில் 650 வேண்டுமா என்று பார்த்துவிடலாம். இங்கே பிள்ளைகள் அதிகம் கேட்கிற ஜோடி ரைசன் 5 5600 ப்ராசசர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு. ப்ராசசர் முழு வேகத்தில் 76 வாட், கார்டு 115 வாட், போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஐம்பது போட்டாலும் 240 வாட்டைத் தொடுவது அபூர்வம். என்விடியா அந்தக் கார்டுக்குச் சொல்வதே 550 வாட்தான். அப்படியிருந்தும் நான் 650-ஐ வேண்டாம் என்று சொல்வதில்லை, காரணம் பின்னால் வருகிறது.

விலை ஏறுவதற்குக் கடைக்காரர் சொல்கிற முதல் காரணம் பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்கிற 80 பிளஸ் தரச் சான்று. சிஎக்ஸ் பிரான்ஸ், மற்ற இரண்டும் கோல்டு. 230 வோல்ட்டில் பாதி சுமையில் பிரான்ஸ் 88 சதவீதம், கோல்டு 92 சதவீதம் திறன் காட்ட வேண்டும் என்பது விதி. சரி, இதைக் காசாக்கிப் பாருங்கள். 200 வாட் இழுக்கிற கம்ப்யூட்டருக்கு பிரான்ஸ் சுவரிலிருந்து 227 வாட் எடுக்கும், கோல்டு 217. பத்து வாட் மிச்சம். தினமும் ஆறு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 1.8 யூனிட், தெனாகா மின்சார பில்லில் அது ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட வராது. பில்லுக்காக கோல்டு வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்திக் கணக்கைக் காட்டுங்கள். கோல்டில் சூடு குறைவு, அதனால் ஃபேன் மெதுவாக ஓடும், அந்த லாபம் உண்மை. அந்தத் திறனை அளப்பதே 23 டிகிரி சுற்றியுள்ள அறையில்; தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு நம் அறை அப்படி இருக்காது.

நம்ம ஊரில் பவர் சப்ளையைச் சோதிப்பது வேறு விஷயம். மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டும், உடனே திரும்பிவிடும், ஆனால் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும். அந்தக் கண் சிமிட்டலைத் தாங்குவது உள்ளே மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேமித்து வைக்கிற பெரிய கெப்பாசிட்டர். முழுச் சுமையில் சுமார் 16 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் என்கிற பவர் சப்ளை தரவிதியின் பழைய கணக்கு. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி, அதாவது முழுச் சுமையில் ஒரு சுற்று போனாலே காலி. சுமை பாதியானால் தாங்குகிற நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 240 வாட் கம்ப்யூட்டருக்கு 650 வாங்குவதில் நான் காண்கிற நியாயம் இதுதான், இந்த நியாயம் மூன்று பெட்டிக்கும் பொருந்தும்.

கண் சிமிட்டலுக்கு மேல் போனால், கரண்ட் நின்றதும் பேட்டரியில் ஓட்டுகிற யுபிஎஸ்தான் வழி. அதிலும் ஒரு எச்சரிக்கை: மலிவான யுபிஎஸ், பேட்டரிக்கு மாறியதும் சைன் அலைக்குப் பதில் படிபடியான அலையைத் தரும். ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து கரண்டைச் சீராக இழுக்க வைக்கிற சுற்று) உள்ள பவர் சப்ளை சிலது அதைப் பார்த்ததும் அணைந்துவிடும். இந்த மூன்றிலும் ஆக்டிவ் பிஎஃப்சி உண்டு, ஆகவே வாங்கிய கையோடு ஒரு கேமை ஓடவிட்டு யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

மின்னலுக்கு எந்த விலையிலும் கவசம் கிடையாது. உள்ளே இருக்கிற சின்னப் பாதுகாப்பு சாதாரண வோல்டேஜ் எகிறலுக்கு மட்டும், பக்கத்துத் தென்னையில் விழுகிற இடிக்கு இல்லை. வாரண்டியும் பொதுவாக மின்னலை ஏற்பதில்லை. இடி வரும்போது பிளக்கைக் கழற்றினால், இன்டர்நெட் வருகிற லேன் கேபிளையும் கழற்றுங்கள். ஃபைபரில் கரண்ட் வராதுதான், ஆனால் ரவுட்டர் அடாப்டர் சுவரில்தானே செருகியிருக்கிறது.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய தோட்ட லயங்களிலும் ஒட்டுப்போட்டு நீட்டிய வீடுகளிலும் மூன்று முள் பிளக் இருக்கும், எர்த் வயர் எங்கும் போய்ச் சேராது. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று கேஸின் பின்பக்க ஸ்குருவைப் புறங்கையால் உரசினால் சுரீரென்று இருக்கும். பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கெடவில்லை. லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர் எல்லா நல்ல பவர் சப்ளையிலும் உண்டு. எர்த் இல்லாவிட்டால் கேஸ் பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் பக்கம் மிதக்கும். ஓடுகிற கரண்ட் மிகச் சிறியதுதான், ஆனாலும் அப்படியே விடக்கூடாது. சிஎக்ஸை மாற்றி ஜிஎக்ஸ் போட்டாலும் அதே சுரீர்தான். வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தையும், கசிவு வந்தால் கரண்டை வெட்டுகிற இஎல்சிபியையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் காசு முதல் செலவு.

இனி மூன்றையும் பக்கத்தில் வைத்தால் மிஞ்சுவது கேபிளும் வாரண்டியும். சிஎக்ஸில் எல்லாக் கேபிளும் பெட்டியோடு ஒட்டியே வரும், ஐந்து வருட வாரண்டி. ஜிஎம்மில் போர்டு, ப்ராசசர் கேபிள் நிரந்தரம், மற்றதைக் கழற்றலாம், ஏழு வருடம். ஜிஎக்ஸில் எல்லாமே கழற்றலாம், பத்து வருடம், சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கிற பொத்தானும் உண்டு. நம் சூட்டில் அந்தப் பொத்தானை அணைத்து ஃபேனை ஓடவே விடுங்கள்.

என் தேர்வு ஜிஎம். கேஸில் எப்படியும் போர்டு கேபிளைச் செருகத்தான் போகிறோம், அதைக் கழற்ற முடிவதற்காக ஜிஎக்ஸ் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வித்தியாசத்தை யுபிஎஸ் பக்கம் தள்ளலாம். கை இறுக்கமாக இருந்தால் சிஎக்ஸ், கூச்சப்படாமல் வாங்குங்கள், பள்ளிப் பாடம், கொஞ்சம் கேம் என்று ஓடுகிற கம்ப்யூட்டருக்கு அது தாராளம். கல்யாண வீடியோ எடிட்டிங் மாதிரி நாள் முழுக்க ரெண்டர் ஓடவிட்டுச் சம்பாதிக்கிறவர்களுக்கு மட்டும் ஜிஎக்ஸ், அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதே பெட்டியை மாற்றிக்கொள்ளலாம்.

ஜிஎம், ஜிஎக்ஸ் வாங்குகிறவர்கள் கவனிக்க: பழைய பவர் சப்ளையின் கேபிள் துளையில் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். பெட்டிப் பக்க முனையில் வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்க் அந்த நிமிடமே போய்விடும். ரசீது தெர்மல் பேப்பரில் வரும், வாரண்டி முடிவதற்கு முன்னாலேயே வெளுத்துவிடும், வாங்கிய அன்றே சீரியல் நம்பரோடு சேர்த்து ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.