பாம்பன் சாலையோரக் கருவாடு: ருசி சரி, உப்பு?

பாம்பன் சாலையோரக் கடைகளில் கிடைக்கும் நெத்திலிக் கருவாட்டை ருசியில் குறை சொல்ல முடியாது. மணல் ஒட்டாமல், கையில் ஒடித்தால் முறியவேண்டும். பிசுபிசுத்தால் சரியாகக் காயவில்லை, விட்டுவிடுங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது உப்பை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அழுத்தம் ஏறினால் மூளை ரத்தக்குழாய் அடைக்கலாம் அல்லது வெடிக்கலாம், அதுதான் பக்கவாதம். உப்பில் ஊறிய சீலாக் கருவாட்டைவிட, உப்பிடாமல் வெயிலில் காய்ந்த நெத்திலியே மேல், கேட்டு வாங்குங்கள். வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, இரண்டு தடவை நீர் மாற்றிக் கழுவினால் உப்பு நன்றாக இறங்கும். குழம்பில் தனியாக உப்பு போடவே வேண்டாம், புளி தூக்கிக் கொடுக்கும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

பச்சை மத்தி வந்த நாளில் கருவாடு எதற்கு? மத்தியின் கொழுப்பு இதயத்துக்கு நல்லது.