இணைந்த விமான நிறுவனங்களும் எங்கள் பயணமுகவர் நிலையமும்

காசிக்குப் போகவிருந்த அம்மாவுக்காக, கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள பயணமுகவர் நிலையமொன்றில், சென்னையிலிருந்து டெல்லிக்கு விஸ்தாரா விமானத்தில் ஆசனம் பதிவு செய்திருந்தேன். விஸ்தாராவை ஏர் இந்தியாவுடன் இணைக்கும் திட்டம் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2024 நவம்பர் 12 அன்று நிறைவேறியது. அன்றிலிருந்து அதன் விமான இலக்கங்களுக்கு முன்னால் 2 சேர்க்கப்பட்டு, 'யூகே' என்ற குறியீடு 'ஏஐ' என மாறியது. அம்மாவின் பயணமோ அதற்குப் பிந்திய வாரத்தில். இம்மாற்றத்தை முகவர் நிலையம் தானாக அறிவிக்காதது பெருங்குறை. முதன்முறை விமானம் ஏறும் வயோதிபர் பழைய இலக்கத்துடன் அறிவிப்புப் பலகையின் முன் நின்றால் எவ்வளவு தவித்துப்போவார்!

ஆயினும், நேரில் போய்க் கேட்டவுடன், அங்கு பணிபுரியும் பிள்ளை புதிய சீட்டை அச்சிட்டு, மாறிய இலக்கத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, "அம்மா, இதைத்தான் காட்ட வேண்டும்" என்று அருகில் எழுதித் தந்தார். அதற்கு மேலதிகப் பணம் கேட்கவில்லை. அம்மா அந்தத் தாளைக் கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்டார். வாகன ஒழுங்கும் முகவர் நிலையத்தினுடையதே, நேரந்தவறாமல் வந்தது. அந்நிலையத்தில் பதிவு செய்பவர்கள், பயணத்துக்கு முதல்நாள் விமான இலக்கத்தை மறுபடி சரிபார்த்துத் தரும்படி கேட்டு வாங்குங்கள்.