ஹன்னா கேட்ஸ்பியின் ‘நானெட்’: தோட்டப்புறத்துப் பெற்றோர்கள் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி

நெட்ஃபிளிக்ஸில் 2018 ஜூன் மாதம் வெளியான ‘நானெட்’ என்னும் ஸ்டாண்ட் அப் காமெடி நிகழ்ச்சியை, மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்கள் ஒருமுறையேனும் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா கேட்ஸ்பி சிட்னி ஓப்பரா அரங்கில் தனியாக நின்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பேசுகிறார். முதற்பகுதியில் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் அவர், தாம் இத்தனை ஆண்டுகளாகச் சிரிக்க வைத்த முறையே தம்மைக் காயப்படுத்தியது என்பதைப் பின்னர் படிப்படியாக விளக்கி, இந்தத் தொழிலை விட்டு விலகப் போவதாக அறிவிக்கிறார். நிகழ்ச்சியின் பெருமை அந்த அறிவிப்பில் இல்லை. அதற்கு அவர் கூறும் காரணத்தில் இருக்கிறது.

கேட்ஸ்பி 1978இல் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் கடைசி. டாஸ்மேனியா மாநிலத்தின் வடமேற்கில் உள்ள ஸ்மித்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். யார் வீட்டுப் பிள்ளை யாரோடு பேசியது என்பது மாலைக்குள் ஊர் முழுவதும் பரவிவிடும் இடங்களை அறிந்த நமக்கு, அந்த ஊரைப் புரிந்துகொள்ளப் பெரிய விளக்கம் தேவையில்லை. ஆண்களுக்கிடையிலான உறவை 21 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக டாஸ்மேனியா வைத்திருந்தது. நிக்கலஸ் டூனன் என்பவர் அளித்த முறையீட்டின் பேரில், அச்சட்டம் மனித உரிமையை மீறுகிறது என்று ஐக்கிய நாடுகள் மன்றத்தின் மனித உரிமைக் குழு 1994இல் கூறியது. சட்டம் நீங்கியதோ 1997இல்தான். ஆஸ்திரேலிய மாநிலங்களில் கடைசியாக மாறியது அதுவே. சட்டம் ஆண்களைக் குறித்ததாக இருந்தாலும், அதையொட்டித் தெருவிலும் நாளேட்டிலும் பல ஆண்டுகள் நடந்த விவாதம் ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் காதிலும் விழுந்துகொண்டேதான் இருந்தது. தன்பால் ஈர்ப்பு கொண்ட தம்மைத் தாமே வெறுக்கக் கற்றுக்கொண்டது அந்த வயதில்தான் என்று கேட்ஸ்பி சொல்லும்போது, அரங்கில் ஓர் இருமல் சத்தம்கூடக் கேட்பதில்லை.

இதை வேற்று நாட்டு வரலாறு என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டிஷ் ஆட்சி நமக்கும் இத்தகைய சட்டப் பிரிவை விட்டுச் சென்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து இசைவான வயது வந்தோரை விடுவித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் தன் சட்டத்தை நீக்கியது. மலேசியாவின் தண்டனைச் சட்டத்தில் 377ஏ, 377பி பிரிவுகள் 20 ஆண்டுகள் வரையிலான சிறையையும் பிரம்படியையும் விதிக்கின்றன. எனவே, பதின்ம வயதுக் கேட்ஸ்பி கேட்டு வளர்ந்த பேச்சை நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இப்போது கேட்டு வளர்கிறார்கள்.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு பயின்ற கேட்ஸ்பி, பிறகு நிலையான வருமானம் இன்றிப் பல வேலைகள் செய்து, 2006இல் ‘ரா காமெடி’ என்னும் தேசியப் போட்டியில் வென்று மேடைக்கு வந்தார். ஆட்டிசம் தமக்கு இருப்பதை நடுவயதை நெருங்கும்போதுதான் அறிந்துகொண்டார். பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரே வகையான நகைச்சுவையைச் செய்து தேர்ந்தவர் அவர் என்பதை மனத்தில் கொண்டால்தான் ‘நானெட்’டின் துணிவு விளங்கும். அந்தப் படைப்புக்கு 2017இல் எடின்பரோ நகைச்சுவை விருதும், எழுத்துக்காக 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதும் கிடைத்தன.

நிகழ்ச்சியின் உயிர்நாடி ஒரு பேருந்து நிறுத்தச் சம்பவம். பேருந்துக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணோடு கேட்ஸ்பி பேசிக்கொண்டிருக்கிறார். அப்பெண்ணின் காதலன் இவரை ஓர் ஆண் என்று எண்ணி அடிக்க வருகிறான். பெண் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்குகிறான். அவனுடைய மடமையைக் கேட்ஸ்பி நடித்துக் காட்டும் விதத்தில் அரங்கம் அதிர்கிறது, நாமும் சிரிக்கிறோம். பின்னர், நகைச்சுவை எப்படி இயங்குகிறது என்பதை ஓர் ஆசிரியரைப் போல அவர் விளக்குகிறார். கலைஞர் முதலில் பார்வையாளரின் மனத்தில் ஓர் இறுக்கத்தை உண்டாக்குகிறார், அடுத்து அதைச் சட்டென்று அவிழ்த்துவிடுகிறார், சிரிப்பு வருகிறது. கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று பகுதிகள் தேவை. நகைச்சுவைத் துணுக்குக்கு இரண்டு போதும். ஆகவே சிரிப்பு வர வேண்டுமானால், முடிவு வருவதற்குள் கதையை நிறுத்திவிட வேண்டும்.

இந்த விளக்கத்தைக் கொடுத்த பின்னர், வெகு நேரம் கழித்து, பேருந்து நிறுத்தக் கதையின் முடிவை அவர் சொல்கிறார். அந்த மனிதன் திரும்பி வந்தான். அவரைக் கடுமையாக அடித்தான். அங்கிருந்த எவரும் தடுக்கவில்லை. அவர் காவல் நிலையத்துக்கும் போகவில்லை, மருத்துவமனைக்கும் போகவில்லை. தமக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று அவரே நம்பியிருந்தார். முன்பு சிரித்த அதே கதைக்கு இப்போது நாம் வாயடைத்துப் போகிறோம். மற்ற கலைஞர்கள் பலரும் இந்த இடத்தில் ஒரு துணுக்கை வீசிப் பார்வையாளரைத் தேற்றியிருப்பார்கள். கேட்ஸ்பி தேற்ற மறுக்கிறார். அந்த மறுப்பில்தான் அவருடைய கலையின் முழு வலிமையும் எனக்குத் தெரிகிறது.

இதைப் பார்க்கும்போது எங்கள் வட்டாரத்துத் திருவிழா மேடைகளை நினைக்காமல் இருக்க இயலவில்லை. கோயில் திருவிழா இரவுகளில், பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே, பெண்ணைப் போல நடந்து குழைந்து பேசும் ஆண் ஒருவர் மேடையேறினால் கூட்டம் ஆரவாரிக்கும். பால்மர (ரப்பர்) தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறிய பின்னும், லயத்து வீடுகளை விட்டுத் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பின்னும், அந்த வேடிக்கை மட்டும் நம்மோடு வந்துவிட்டது. கூட்டத்தில் நிற்கும், மென்மையான சுபாவம் கொண்ட ஓர் இளைஞனைப் பள்ளியில் ‘பொண்டான்’ (பெண்தன்மை உள்ள ஆணை இகழும் மலாய்ச் சொல்) என்று அழைத்தவர்களும் அவனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அவன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாக வேண்டும், சிரிக்காவிட்டால் அகப்பட்டுக்கொள்வான். ஒடுக்கப்பட்ட இடத்தில் இருப்பவர் தம்மைத் தாமே இகழ்ந்து பேசுவது பணிவாகாது, அது அவமானம் என்று கேட்ஸ்பி சொல்வது மேடையில் நிற்பவருக்கு மட்டும் உரியதன்று. கீழே நின்று சிரிக்கும் அந்த இளைஞனுக்கும் அது பொருந்தும்.

பெற்றோர்கள் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம், கேட்ஸ்பியின் தாயைப் பற்றிய பகுதி. தம் நிலையைத் தாயிடம் முதன்முதலாகச் சொன்னபோது கிடைத்த பதிலை அவர் தொடக்கத்தில் வேடிக்கையாகத்தான் சொல்கிறார். ஆண்டுகள் பல கடந்த பின் அதே தாய் மனம் வருந்தியதைப் பிற்பகுதியில் கூறுகிறார். உலகம் மாறாது என்று தெரிந்ததால், மகள் மாறிவிட வேண்டும் என்று அந்தத் தாய் விரும்பியிருக்கிறார். அன்பு இல்லாமல் அவர் அப்படி நடக்கவில்லை. ஆயினும் அந்த அன்பு பிள்ளைக்கு வலியாகத்தான் போய்ச் சேர்ந்தது. நம் வீடுகளிலும் இதே அச்சம், இதே அன்பு. சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போன பிள்ளை ஏன் தீபாவளிக்குக்கூட ஊர்ப்பக்கம் வருவதில்லை என்று வருந்தும் தாய்மார்களை எனக்குத் தெரியும். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் அத்தை இந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு, அந்தத் தாயையும் யாரோ ஒருவர் முன்னமே உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும் என்றார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஓவியர் வான்கோ மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டவர் என்பதையும், அவர் மீது அன்பு வைத்த தம்பி ஒருவர் இருந்தார் என்பதையும் எடுத்துக்காட்டி, துன்பப்பட்டால்தான் கலை பிறக்கும் என்ற நம்பிக்கையைக் கேட்ஸ்பி உடைக்கும் இடம் மிகச் சிறப்பானது. ஓவியர் பிக்காசோவைப் பற்றிய பகுதி அந்த அளவுக்கு நிறைவு தரவில்லை. 45 வயதில் 17 வயது மரி தெரேஸ் வால்டரோடு பிக்காசோ உறவு கொண்டதைக் கண்டிப்பது முற்றிலும் நியாயமே. எனினும் ஒரு பொருளைப் பல கோணங்களில் ஒருசேரக் காட்டும் கியூபிசம் என்னும் கலைமுறையை அவ்வளவு வேகமாகத் தீர்ப்பிட்டுக் கடந்துவிடாமல் இன்னும் சற்று நின்று பேசியிருக்கலாம். தொழிலை விட்டு விலகுவதாகச் சொன்னவர் 2020இல் ‘டக்ளஸ்’ என்ற அடுத்த நிகழ்ச்சியோடு திரும்பி வந்ததைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது மகிழ்ச்சியே. தம்மை இகழாமலும் சிரிக்க வைக்க முடியும் என்பதை அவர் அதில் செய்து காட்டினார்.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களுக்கும் டாஸ்மேனிய உச்சரிப்பு தொடக்கத்தில் பிடிபடாது. ஆங்கில வசன வரிகளை வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. பாலியல் வன்முறையைப் பற்றிய வெளிப்படையான பேச்சு இறுதிப் பகுதியில் வருவதால், அத்தகைய துன்பத்தை அனுபவித்தவர்கள் முன்கூட்டியே அறிந்துகொண்டு பார்ப்பது அவசியம். வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க விரும்பும் பெற்றோர் முதலில் தனியாக ஒருமுறை பார்த்துவிடட்டும். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த இடத்தில் தாம் சிரிக்கிறோம் என்பதைப் பிள்ளை கவனித்துக்கொண்டிருக்கக்கூடும்.