ஸ்டோரேஜ் யூனிட் ஏலம்: நேர்ல போய் எடுக்கறதா, ஆன்லைன்ல எடுக்கறதா?

டெக்சாஸ்ல இருக்கேன். ஸ்டோரேஜ் யூனிட்டுன்னா சாமான் போட்டு வைக்க வாடகைக்கு எடுக்கற ரூம், வாடகை கட்டாம விட்டுட்டுப் போனா உள்ள இருக்கற சாமானை இங்க ஏலத்துல விடுவாங்க, நான் நேர்ல போயும் எடுத்திருக்கேன், ஆன்லைன்லயும் எடுத்திருக்கேன். எதுல காசுன்னு எல்லாரும் கேக்கறாங்க, எதுல கேஸ்ல மாட்டாம இருக்கலாம்னு ஒருத்தரும் கேக்கல. இந்தப் பதிவு அதுக்குத்தான்.

முதல்ல எல்லாருக்கும் இருக்கற பயம், பழைய ஆள் வந்து "என் சாமானைக் குடு"ன்னு நின்னா என்ன பண்றது. டெக்சாஸ் ப்ராப்பர்ட்டி கோட் 59வது அத்தியாயப்படி வாடகைக்காரருக்கு நோட்டீஸ் போகணும், 14 நாள் டைம் குடுக்கணும், அப்புறம் ரெண்டு வாரம் விளம்பரம், முதல் விளம்பரம் வந்து 15 நாள் கழிச்சுத்தான் ஏலம். இதுல ஸ்டோரேஜ்காரன் எங்கயாவது சொதப்பினாலும் நல்ல எண்ணத்துல வாங்கினவருக்கு சாமான் சொந்தம்தான், கலிஃபோர்னியா சட்டமும் இதையேதான் சொல்லுது. ஆனா மேனேஜர் ஃப்ரெண்டு உள்ள என்ன இருக்குன்னு முன்னாடியே காதுல போட்டு, நோட்டீஸ் சரியா போகலன்னும் தெரிஞ்சே நீங்க எடுத்தா அந்த "நல்ல எண்ணம்" நிக்காது. நாம மாட்டறது பெரும்பாலும் நாமளே பண்ற காரியத்தாலதான்.

நேர்ல போறதுல இருக்கற சுகமே வேற. பூட்டை வெட்டுவாங்க, வாசல்ல நின்னு டார்ச் அடிச்சுப் பாக்கலாம், உள்ள கால் வைக்கக் கூடாது, எலி நாத்தம் ஈர நாத்தம் எல்லாம் மூக்குக்குத் தெரிஞ்சுடும், சந்தேகம்னா மேனேஜர் எதிர்லயே நிக்கறார். ஆனா ஒரே முகங்கள் வாராவாரம் வரும், ரெண்டாவது தடவை போனப்பவே ஒருத்தர் காபி வாங்கிக் குடுத்து "இந்த ரூமை நீ எடு, அடுத்தது எனக்கு, ஏத்தி விடாதே"ன்னார், நம்ம ஊர் ஏலத்துல சிண்டிகேட்டுன்னு சொல்வோமே அதேதான். ஊர்ல சிரிச்சுட்டுப் போயிடலாம், இங்க அது போட்டியைக் கெடுக்கறதைத் தடுக்க 1890ல வந்த ஷெர்மன் ஆக்ட்ல வர்ற குற்றம், தனிநபருக்கு 10 வருஷம் ஜெயில், 10 லட்சம் டாலர் ஃபைன் வரைக்கும் போகலாம். வடக்கு கலிஃபோர்னியாவுல ஜப்தி வீட்டு ஏலத்துல இப்படி பேசி வச்சவங்க நிறைய பேருக்கு தண்டனையே ஆச்சு. காபியைக் குடிச்சுட்டு வீட்டுல வேலை இருக்குன்னு நழுவிட்டேன்.

ஆன்லைன்ல அந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. யார் எப்ப எவ்வளவு கேட்டாங்கன்னு எல்லாத்துக்கும் பதிவு இருக்கும், ரசீது மெயில்ல வந்துடும், வரிக்கணக்குக்கு அதுவே போதும். சைட்காரன் தனியா ஒரு கமிஷன் புடுங்குவான், நாலு ஃபோட்டோவை வச்சு முடிவு பண்ணணும், ஏலம் முடியறதுக்கு முன்னாடி வாடகைக்காரர் பாக்கியைக் கட்டிட்டா கேன்சல்தான், கத்திப் பிரயோஜனமில்ல, அது அவரோட உரிமை.

யூனிட் கைக்கு வந்தப்புறம் ரெண்டுக்கும் ஒரே கதைதான், நம்ம ஆளுங்க மாட்டறதும் இங்கதான். எச்1பில, அதாவது கம்பெனி ஸ்பான்சர் பண்ற வேலை விசாவுல இருக்கீங்களா, வீட்டுக்குன்னு ஒண்ணு ரெண்டு எடுத்தா பரவால்ல, ஆனா வாங்கி வாங்கி வித்தா அது பிசினஸ், உங்க விசா ஸ்பான்சர் பண்ணின கம்பெனி வேலைக்கு மட்டும்தான், கண்டிப்பா லாயரைக் கேட்டுட்டு இறங்குங்க. பெட்டிக்குள்ள துப்பாக்கி இருந்துச்சுன்னா இன்னும் மோசம், எச்1பி மாதிரி தற்காலிக விசாக்காரங்க துப்பாக்கி வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும்தான். தொடாதீங்க, கார்ல வைக்காதீங்க, ஸ்டோரேஜ் ஆபீஸ்ல சொல்லி போலீஸைக் கூப்பிடுங்க.

விக்கறதுக்கு வாங்கறவங்க சேல்ஸ் டாக்ஸ் பர்மிட் எடுக்கணும், டெக்சாஸ்ல ஸ்டேட் வரி 6.25 சதவீதம், லோக்கல் சேத்தா 8.25 வரை. அப்புறம் குழந்தைத் தொட்டில், ஒரு பக்கம் இறங்கற மாடல் 2011லயே தடை, யூனிட்ல அடிக்கடி கிடைக்கும், பாவம் நல்லாத்தான் இருக்குன்னு வித்துடாதீங்க, உடைச்சுப் போடுங்க. பாஸ்போர்ட், ஆஸ்பத்திரி பேப்பர், கல்யாண ஆல்பம் எல்லாம் ஆபீஸ்ல குடுத்துடுங்க, பல இடத்துல ஏல கண்டிஷனே அதுதான்.

என்னைக் கேட்டா முதல் ரெண்டு மூணு யூனிட் ஆன்லைன்லயே எடுங்க. காபி வாங்கிக் குடுக்கறவர்கிட்ட முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சப்புறம் நேர்ல போங்க, சரக்கு அங்கதான் நல்லா தெரியும். ஆங், குப்பையை அந்த வளாகத் தொட்டியில தள்ளிட்டு வந்துடாதீங்க, காலி பண்றதுக்குக் கட்டின 100 டாலர் டெபாசிட் எனக்கு அப்படித்தான் போச்சு.